மூன்றாம் வரிசையிலிருந்து வந்த பதில்

என் சிட்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். மனசைப் பற்றிக் கடிதம் முழுக்க எழுதப் போகிறேன், அதனால் அதை இந்த வரியிலேயே தேடாதே. நீ அங்கே சளி பிடிக்காமல், தொண்டை கட்டாமல், கால் சுளுக்காமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். உன் கடிதம் வந்து இன்றோடு இருபத்தொரு நாள். பதில் தாமதமானதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே, இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன், முதல் கடிதத்தில் உன்னைத் திட்டியிருந்தேன், இரண்டாவதில் என்னைத் திட்டியிருந்தேன், இரண்டுமே படிக்கச் சகிக்கவில்லை. போனில் பேசியிருக்கலாமே என்று அப்பா கேட்டார். போனில் நீ ஒரு நொடி பேசாமல் இருந்தால்கூட நான் உடனே எதையாவது சொல்லி அந்த இடத்தை அடைத்துவிடுவேன், உனக்கே தெரியும், அதனால்தான் காகிதம். அப்பா போன வாரம், தான் பழுது பார்த்த லிப்டிலேயே முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். கூட வேலை செய்கிறவர்கள் பதறிக் கதவை நெம்பித் திறந்தால் உள்ளே கருவிப் பெட்டியில் தலை சாய்த்துக்கொண்டு இவர், "ஏம்பா அதுக்குள்ள தொறந்தீங்க, இப்பதான் கண் அசந்துச்சு" என்றாராம். நான் நாடகத்துக்குக் கூட்டிப்போன மூன்று முறையும் அவர் செய்தது அதைத்தான்.

நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். நான் விடாமல் பார்க்கும் அதே பாட்டு நாடகத்தில், வெள்ளத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் டெலிபோன் ஆபரேட்டர் பெண்ணின் வேஷம் உங்கள் ஊர்க் குழுவில் உனக்குக் கிடைத்திருக்கிறது, இருபத்தினாலாம் தேதி முதல் காட்சி என்பது ஒன்று. அதைப் படித்துவிட்டு நான் சமையலறையில் நின்றபடியே இருந்தேன், பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அம்மா நீ முதல் நாள் வர வேண்டாம் என்று இருந்தது. காரணமும் மறைக்காமல் எழுதியிருந்தாய். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நடிகையின் வரியைத் தான் பாடிவிட்ட ஒரு பைத்தியக்கார ரசிகையின் கதை உங்கள் குழுவரைக்கும் வந்து, ஒப்பனை அறையில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றும், பிரவுன் சால்வை என்று யாரோ சொன்னதும் உனக்குப் புரிந்துவிட்டது என்றும், புரிந்த பிறகும் நீயும் சேர்ந்து சிரித்தாய் என்றும். அந்தக் கடைசி வரியை நீ எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் எழுதினாய். அதில் தப்பில்லை கண்ணு, நான் அங்கே இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன், சால்வையை மட்டும் கழற்றி வைத்திருப்பேன்.

உனக்கு வந்த கதை பாதிதான், மீதியை நான் சொல்லிவிடுகிறேன். அது எனக்கு முப்பத்தோராவது முறை. காலையில் பத்து மணிக்கு அன்றைய டிக்கெட் கொடுப்பார்கள், வாராவாரம் பார்க்கிற நாங்கள் சில பேர் ஏழு மணிக்கே வாசலில் இருப்போம். கம்பிக் கதவில் ஒரு நோட்டு கட்டியிருக்கும், வந்தவர்கள் வரிசை எண்ணைப் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போகலாம், யாரும் யாருடைய எண்ணையும் தாண்ட மாட்டார்கள். அந்த வரிசையில் எனக்கு முன்னால் எப்போதும் குடைக்காரர்தான், நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர், வெயிலோ மழையோ குடை இருக்கும், அதன் உள்பக்கத் துணியில் பார்த்த காட்சி ஒவ்வொன்றுக்கும் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். எங்களுக்குள் சில சட்டங்கள் உண்டு. கடைசிச் சத்தம் அடங்கும்வரை கை தட்டக் கூடாது, பாட்டுக்கு வாயசைக்கலாம், குரல் வரக் கூடாது. முப்பது முறையும் நான் வாய் மட்டும்தான் அசைத்தேன். அன்றைக்குப் பெரிய நடிகைக்கு உடம்பு சரியில்லை, மாற்று நடிகை, உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள் இருப்பாள், ஒல்லியாக. நீ இப்போது பாடம் செய்துகொண்டிருக்கும் அதே இடம்தான், ஆற்றோர நிலையங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, எல்லோரும் பதில் சொல்லி, கடைசி நிலையத்தைக் கூப்பிட்டு "யார் இருக்கீங்க?" என்று அவள் பாட வேண்டும், பதில் வராது, ஒரு தாளம் விட்டு அவளே "நான் இருக்கேன்" என்று எடுக்க வேண்டும். ஒரு தாளம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அவள் வாயே திறக்கவில்லை. ஐயோ பிள்ளை மறந்துவிட்டாள், ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், எங்கேயோ இவளுடைய அம்மாவும் உட்கார்ந்திருப்பாளே என்று நினைத்தேன், அவ்வளவுதான் நினைத்தேன், என் வாயிலிருந்து "நான் இருக்கேன்" என்று முழுக் குரலில் வந்துவிட்டது.

அவள் கேட்ட கேள்விக்கு யாரோ வெள்ளத்திலிருந்து பதில் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடக் கைக்குட்டையோடு சிரித்தார்கள். டார்ச் வைத்திருக்கும் பையன் அருகில் வருவதற்குள் நானே எழுந்து சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சுருதி விலகலையே?" என்றார். மறுநாள் கிளினிக்கில் பல் டாக்டருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது, "வரவேற்பு மேசையில இருக்கறவங்க நீங்க, உங்க வாய்க்கு நான் கம்பி கட்டிட்டா போனை யார் எடுப்பாங்க?" என்று நோயாளிகள் முன்னால் கேட்டார், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்குப் பல் பிடுங்க எழுதி வைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து மதியம் விடுப்புப் போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்கலாம் என்று அரங்கத்தின் பின்வாசலுக்குப் போனேன். காவலாளி என்னைப் பார்த்ததும், "நீங்கதானே அது? பாட வந்தீங்களா, பேச வந்தீங்களா?" என்றார். பேச என்றேன். உள்ளே அவள் தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, வெந்நீர்த் தொட்டியில் இரண்டு காலையும் விட்டு, டப்பாவிலிருந்து அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தாள். நான் அழாமல் பேச வேண்டும் என்று போனேன், முடியவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்துவிட்டேன் அம்மா, உதவி செய்வதாக நினைத்துவிட்டேன் என்றேன். அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் மறக்கலம்மா. அந்த நாலு விநாடி என்னோடது. ஆறு வாரமா டைரக்டரோட சண்ட போட்டு வாங்கினேன். பதில் வரலன்னு அவளுக்குப் புரியறதுக்கு ஒரு தாளம் எப்படிப் போதும்னு கேட்டேன். சரி, ஒரு நாள் செஞ்சு காட்டுன்னார். அந்த ஒரு நாள் அன்னிக்குத்தான்" என்றாள். இப்போது எப்படி என்று கேட்டேன். பழையபடி ஒரு தாளம்தான், ஜனங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்று டைரக்டர் முடித்துவிட்டாராம். பாதி முட்டையை என்னிடம் நீட்டி, "சாப்டுங்க, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு" என்றாள். நான் அந்த முட்டையைத் தின்றேன் சிட்டு, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றே டைரக்டருக்கு நாலு பக்கம் எழுதிப் போட்டேன், ஜனங்களுக்குப் பொறுமை உண்டு, இல்லாதது எனக்கு மட்டும்தான், அவளுக்கு இன்னொரு நாள் கொடுங்கள் என்று. பதில் இல்லை. அதற்குப் பிறகு நான் உள்ளே போகவில்லை. சனிக்கிழமை காலையில் கால் தானாக வரிசைக்குப் போய்விடுகிறது, எண் போட்டு டிக்கெட் வாங்கி யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். குடைக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒவ்வொரு வாரமும் ஒரு விரலைக் காட்டுகிறார். இன்னும் ஒரு தாளம்தான்.

உன் கடிதத்தில் ஒரு ஓரத்தில், சின்ன வயசிலிருந்தே இதேதான் என்று எழுதி அடித்திருந்தாய், அடித்ததையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். பள்ளி ஆண்டு விழாவைத்தானே சொல்கிறாய். நீ மைக் முன்னால் நின்று பேசாமல் இருந்தாய், நான் ஐந்தாம் வரிசையிலிருந்து அடுத்த வரியைக் கத்தினேன், எல்லோரும் கை தட்டினார்கள், நல்ல அம்மா என்று உன் டீச்சர்கூடச் சொன்னார். வீட்டுக்கு வந்து நீ ஷூவைக் கழற்றிக்கொண்டே, "தெரியும்மா, மூச்சு வாங்கிட்டிருந்தேன்" என்றாய். அதை அன்றைக்கு நான் காதில் வாங்கவே இல்லை. உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது, கடைசி வருஷப் பரீட்சையை ஒரு கையில் உன்னை வைத்துக்கொண்டு படித்து எழுதினேன், நீ அழுவதற்கு முன்னாலேயே பால் கொடுத்துவிடுவேன், அழுதால் விடுதியில் பக்கத்து அறைப் பெண்கள் முணுமுணுப்பார்கள் என்ற பயம். எனக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. என் கவலை என்னவென்றால், இருபத்தினாலாம் தேதி நீ அந்த இடத்தில் நின்றால், நீ மறந்து நிற்கிறாயா நினைத்து நிற்கிறாயா என்று எனக்கு எப்படித் தெரியும்? வேறு யார் நின்றாலும் இனிமேல் வாயை மூடிக்கொள்வேன் என்று சத்தியம் செய்ய முடிகிறது, உன் விஷயத்தில் மட்டும் சத்தியம் செய்ய வரவில்லை. வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொண்டு ஒரு நாள் பாட்டைக் கேட்டுப் பார்த்தேன், அந்த இடம் வந்ததும் அப்பா எட்டிப் பார்த்து, "பல் வலியா? டாக்டர்கிட்டயே வேல பாத்துட்டு?" என்று கேட்டார்.

இன்னும் ஆயிரம் கவலை இருக்கிறது. உங்கள் மேடையிலும் அந்த டெலிபோன் சுவிட்ச் பலகைக்கு இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டுமா? இங்கே கீழிருந்து மூன்றாவது படி வழுக்கும், எல்லா நடிகைகளும் அதில் கால் முனையைத்தான் வைப்பார்கள், முப்பது முறை பார்த்துச் சொல்கிறேன். செருப்புக்கு அடியில் ரப்பர் ஒட்டச் சொல். இரண்டாம் பாதியில் புகை விடும்போது மூச்சை மூக்கால் இழு. அந்தப் பெண்ணைப் போல வெந்நீரில் கால் வை. வெறும் வயிற்றோடு மேடை ஏறாதே. எத்தனை தாளம் நிற்கப் போகிறாய் என்று மட்டும் எனக்குச் சொல்லாதே. கேட்க வேண்டும் என்று நாக்கு நமநமக்கிறது, கேட்டால் நான் மேடையைப் பார்க்காமல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

இப்போது உன்னிடம் மறைத்த ஒன்று. முதல் காட்சிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்றே, உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்னால், உனக்கு என்ன வேஷம் என்று தெரியாமலே, உங்கள் குழு போடுகிறது என்பதற்காகவே நான் ஒன்று வாங்கிவிட்டேன். ஆசையில் மறுபடியும் மூன்றாம் வரிசை. உன் கடிதத்தைப் படித்த பிறகு மேல்மாடிக் கடைசி வரிசைக்கு, தூணுக்குப் பின்னால் கொடுத்தாலும் பரவாயில்லை என்று மாற்றக் கேட்டேன், மாற்ற முடியாதாம். ரயிலில் ஏறி வந்து கூட்டத்தோடு உட்கார்ந்துவிட்டுச் சொல்லாமல் திரும்பிவிடலாம் என்றும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன், ரயில் நேரம்கூடப் பார்த்து வைத்தேன். அப்புறம் அது அந்தப் பெண்ணிடம் செய்ததைவிட மோசம் என்று பட்டது. அதனால் டிக்கெட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மடிப்பு விழாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் இருக்கிறது, உறையைக் கிழிக்கும்போது பார்த்துக் கிழி. அந்த நாற்காலி உன்னுடையது. சிநேகிதிக்குக் கொடு, யாருக்கும் கொடுக்காமல் காலியாக விடு, எனக்கே திருப்பி அனுப்பு, எதுவானாலும் சரி. டிக்கெட் திரும்பி வந்தால் கிளம்புவேன். வராவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன், அப்பாவையும் கேட்க விட மாட்டேன், அன்று சாயங்காலம் கிளினிக்கில் கூடுதல் நேரம் இருப்பதாக டாக்டரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

உன் குரல் தெளிவாக இருக்கட்டும், காலுக்குக் கீழே மேடை உறுதியாக இருக்கட்டும், கூட ஆடுகிறவர்கள் உன்னிடம் அன்பாக இருக்கட்டும், நீ எதைக் கேட்டு வாங்க நினைக்கிறாயோ அதைக் கொடுக்கிற டைரக்டர் உனக்கு அமையட்டும். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், விழித்துக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னார். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். தபாலுக்கு ஆறு நாள் ஆகிறது, நடுவில் ஒரு ஞாயிறு வருகிறது, பதினைந்தாம் தேதிக்குள் பெட்டியில் போட்டால்தான் எனக்குக் கிடைத்து நான் ரயில் பிடிக்க முடியும். அவசரப்படுத்தவில்லை கண்ணு, தேதியைத்தான் சொல்கிறேன்.

என்றும் உன்,
அம்மா