ஒரு கிலோ இருநூறு

பாப்பா,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ. வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்ல குடு.

மேஜைமேல இருக்கறது உன் புது லேப்டாப். கடைக்காரர் பேச்சை நம்பாம எங்க பார்சல் ஆபீஸ் தராசுல எடை போட்டேன். சார்ஜரோட ஒரு கிலோ இருநூறுதான். பழசு மூணு கிலோ. இது பரீட்சை நடுவுல அணையாது, நாலு நாள் ஓட விட்டுப் பார்த்துட்டேன்.

நேத்து அம்மாவோட லேப்டாப்பைக் குப்பைன்னு சொன்னது தப்புதான். உன் தோள்ல பை வார் பதிஞ்சிருந்ததைப் பார்த்ததும் வாய் தவறி வந்துடுச்சு.

அப்பா

அம்மாவோட அந்தப் பழசை விக்கலை, என் அலமாரியில இருக்கு. பாஸ்வேர்டுக்கு என் பேரைப் போட்டேன், உன் பேரைப் போட்டேன், திறக்கலை. அவ இருந்தப்ப கேட்டு வெச்சுக்கத் தோணலை. சாயங்காலம் நீ திறந்து, அவ பேசற வீடியோ ஏதாவது இருந்தா எனக்கும் போட்டுக் காட்டும்மா.