தெரியும் என்று எழுதிய கடிதம்

சிஸ்டர்,

இன்று காலை முத்திரை மையின் மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த நேரத்தில் கோபிக்கக் கூடாதுதான். என்ன செய்ய, வந்துவிட்டது.

இந்த வெளிநாட்டுக் குளிர் ஊரிலும் ஒரு கோயில் வைத்திருக்கிறோம். இதற்கும் நான்தான் செயலாளர். புதிதாக வந்த ஒரு குடும்பம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். 'இவர்களை அறிவோம்' என்று கோயில் கடிதம் கேட்கிறது நகரசபை. எங்கள் சபை இரண்டு தரம் கூடி, இரண்டு தரமும் வடை தின்று கலைந்தது. "ஆர் எவரெண்டு தெரியாமல் எப்பிடி எழுதுறது?" என்கிறார் தலைவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது ஒரு காலத்தில் நான் சொன்ன பேச்சு.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் தீவுக்கு, ஊர்காவற்றுறைக்கு வந்த பார்வதியின் கையில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், ஒரு கடதாசிகூட இல்லை. எல்லாம் எரிந்துவிட்டது. அரிசிக் கூப்பனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலோ தேவாலயமோ கடிதம் தரவேண்டும் என்றார்கள். அங்கே கோயில் செயலாளராக இருந்த நான் பிறப்புப் பத்திரம் கேட்டேன். நீங்கள் எழுதி, உங்கள் கன்னியர் மடத்து முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டீர்கள்.

சைவப் பிள்ளைகளுக்கு மடத்து முத்திரையா என்று குதித்துக்கொண்டு வந்தேன்.

"சிஸ்டர், அவை வந்து மூண்டு நாள். தெரியுமெண்டு எப்பிடி எழுதினனீங்கள்?"

"சோறு குடுத்தனான். சின்னவளின்ர காய்ச்சலுக்கு மருந்து குடுத்தனான். இன்னும் என்ன தெரியோணும், மாஸ்டர்?"

"நாளைக்குப் பிழையெண்டால்?"

"நான் நிண்டு பதில் சொல்லுறன்."

ரோசத்தில் அன்றே சபையைக் கூட்டிக் கோயில் கடிதத்தோடு ஓடிவந்தேன். இரக்கத்தில் அல்ல, சிஸ்டர், போட்டியில். நீங்களோ பார்வதியிடம் கொடுத்திருந்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு" என்று சிரித்தீர்கள். சண்டைக்கு வந்தவனுக்கு அதைவிட எரிச்சல் வேறு இல்லை.

இன்று தலைவருக்குக் காத்திராமல் நானே எழுதி முத்திரை குத்தினேன். "பிழையெண்டால் நான் நிண்டு பதில் சொல்லுறன்" என்றேன். முறைத்தார். முறைக்கட்டும்.

வெட்கத்தில் உங்களுக்கு எழுதாமலே விட்டது ஒன்று உண்டு. தொண்ணூற்றொன்றில் தீவை விட்டுப் புறப்பட்டு, கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் இங்கே வந்து நின்றபோது, இந்த ஊர்ப் பாதிரியார் எனக்காக ஒரு வரி எழுதித் தந்தார். அதன் பிரதி இப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது. 'இவரை எனக்குத் தெரியும்.' அவர் என்னைக் கண்டு அப்போது மூன்று நாள்.