கனகாம்பரத்துக்கு எத்தனை லக்ஸ்

மஞ்சக்குப்பம், கடலூர்
13.6.2010

அன்பு மகள் மகேஸ்வரிக்கு அப்பா கண்ணாயிரம் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். கனடாவில் நீயும் மாப்பிள்ளை அன்பரசுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாலும், யாரிடம் என்ன ரகசியம் என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்து பதினாலு மாதம் ஆகிறது. ஆபரேஷன் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதோடு சரி, படுக்கைதான். நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. இதற்கு நீ பதில் எழுதாதே. தபால் வந்தால் வாசித்துக் காட்டச் சொல்வாள்.

மாடியில் இருந்த கனகாம்பரத் தொட்டிகள் ஆறையும் கீழே அவள் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். பூ பூப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பக்கத்து மனையில் மூன்று மாடி எழுப்பியதிலிருந்து அந்த ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் தெரிகிறது. ஒரே மாதத்தில் இலை எல்லாம் வெளுத்துவிட்டது.

முப்பத்திரண்டு வருஷம் தெருவிளக்குப் பிரிவில் இருந்தவன் ஒரு அறைக்கு வெளிச்சம் போட முடியாதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய ஆபீஸில் வெளிச்சம் அளக்கும் மீட்டரை இரவல் வாங்கி வந்தேன். மாடி நிழலில் பத்தாயிரம் லக்ஸ். ஜன்னல் ஓரத்தில் இருநூறு. பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "எங்கிட்ட எவ்ளோ காட்டுதுன்னு பாருங்க" என்றாள். தலையணை மேல் வைத்தேன். இருபத்தாறு. நூறு என்று சொல்லிவிட்டேன்.

பிறகு மீட்டரோடு கடைக்குப் போய் ஒவ்வொரு விளக்காக எரியவிட்டு, ஒரே தூரத்தில் வைத்து அளந்து பார்த்தேன். எது அதிகம் காட்டியதோ அதை வாங்கினேன். சோடியம் விளக்கு. சாலையில் மஞ்சளாக எரியுமே, அதேதான். மாட்டி எரியவிட்டதும் அறை, தொட்டி, அம்மாவின் முகம் எல்லாம் மஞ்சள். "இது படுக்கிற ரூமா, பஸ் ஸ்டாண்டா? பண்ருட்டி பஸ் எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மருந்து, மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். ஆண்டவன் துணை.

அப்பா


மஞ்சக்குப்பம், கடலூர்
22.8.2010

அன்பு மகள் மகேஸ்வரிக்கு,

போன ஞாயிறு போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு என்ன சொல்ல.

சோடியம் விளக்கில் செடி நெடுநெடு என்று வளர்ந்து சாய்ந்ததே தவிர ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. சிதம்பரத்தில் செடி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த என் சிநேகிதன் ராமாமிர்தத்தைக் கேட்கலாம் என்று கிளம்பினேன். காலையில் அம்மாவைத் துடைத்துவிட வரும் சவரியம்மாளிடம் கேட்டதற்கு, இரண்டு மணி வரை இருப்பதாகச் சொன்னாள்.

ராமாமிர்தம் விழுந்து விழுந்து சிரித்தான். "யோவ், அந்த மீட்டர் மனுசன் கண்ணுக்குச் செஞ்சது. நம்ம கண்ணுக்கு எது பளிச்சுன்னு இருக்குதோ அதத்தான் ஜாஸ்தியா காட்டும். செடி எதத் தின்னுதுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான். செடிக்குச் சிவப்பும் நீலமும் வேண்டுமாம். வெள்ளை டியூப் இரண்டும், இளமஞ்சள் டியூப் இரண்டும் சேர்த்து மாட்டி, செடிக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடச் சொன்னான். ஒரே மாதிரி விளக்கு என்றால் எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்று பார்க்க லக்ஸ் மீட்டர் உதவும், எந்த விளக்கு நல்லது என்பதை அதைக் கேட்காதே என்றான். இத்தனை வருஷம் அந்த மீட்டரை நம்பிப் பிழைத்தவன், வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை நீ மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லாதே.

அன்று ஒன்றேமுக்காலுக்கே நான் மஞ்சக்குப்பத்தில் இறங்கிவிட்டேன். வீடு ஐந்து நிமிஷ நடை. மைதானத்தைத் தாண்டும்போது நிழலாக இருந்தது, உட்கார்ந்தேன். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அடித்தது. சவரியம்மாள் கிளம்பியிருப்பாள் என்று தெரியும். எழுந்திருக்கவில்லை. மூன்று ஆனது, நான்கு ஆனது. என்னை யாரும் கூப்பிடவில்லை மகேசு. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். ஆறு மணிக்குத்தான் வீட்டுக்குப் போனேன்.

தண்ணீர் எட்டாமல் செம்பைத் தட்டிவிட்டிருந்தாள். துணி நனைந்து கிடந்தாள். பஸ் ரிப்பேர் என்று சொன்னேன். செருப்பில் இருந்த மைதானத்துச் செம்மண்ணைப் பார்த்தாள். காபியில் சர்க்கரை கூடினால் ஒரு மணி நேரம் திட்டுகிறவள் அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. "வெளக்கு என்னாச்சு, கேட்டீங்களா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து வாசலைத் தாண்டவே பயமாக இருக்கிறது. மறுபடி போனால் திரும்பி வருவேனா என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. உள்ளே இருந்தால் மூச்சு முட்டுகிறது. அவளும் படுக்கையில் கிடந்து அதே மூச்சைத்தான் விடுகிறாள், பாவம். எனக்காவது நடக்க முடிகிறது. நடக்க முடிகிறவன் கிடக்கிறவளைப் பார்த்துப் பொறாமைப்படுவானா? சில நாள் படுகிறேன். அவளை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள் அல்லவா.

டியூப் நான்கையும் மாட்டிவிட்டேன். காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை எரிகிறது, நடுவில் கரண்ட் போகும் நேரம் போக. இரண்டு தொட்டியில் பூக்கதிர் விட்டிருக்கிறது.

அந்த டியூப் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இப்போது அம்மா விழித்துவிட்டாள். யாருக்கு என்று கேட்டாள். உனக்கு என்றேன். தான் சொல்வதை ஒரு எழுத்து மாறாமல் எழுதச் சொல்கிறாள். எழுதுகிறேன்: "மகேசு, டிக்கெட் போட்டு ஒங்கப்பாவ ரெண்டு மாசம் அங்க கூப்பிட்டுக்க. அவுரு இங்க இருந்தா எனக்கு முன்னாடி போய்டுவாரு. சவரியம்மாள ராத்தங்கலுக்குப் பேசி வச்சிட்டேன். நான் இருந்துக்கறேன்."

ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அவள் சொன்னதை மட்டும் வாசித்துக் காட்டினேன், சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். இதற்குக் கீழே எழுதுவதை அவளுக்கு வாசிக்கப்போவதில்லை.

என்னைக் கூப்பிடாதே மகேசு. நீ கூப்பிட்டால் நான் வந்துவிடுவேன். நீ இங்கே வா. பத்து நாள் போதும். நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா
கண்ணாயிரம்