வலது கால் பெருவிரல்

மார்ச் 8, ஞாயிறு
காலையிலேயே புழுக்கம். பூசை முடிந்ததும் சாமியார், பெரிய வியாழனன்று சீடர்களாக உட்காரவைத்துத் தான் பாதம் கழுவப்போகும் பன்னிரண்டு ஆண்களின் பெயரை வாசித்தார். நாலாவது நான். வீட்டுக்காரி மெர்சிக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் வாசலிலேயே தருவைகுளத்து அக்காவுக்குப் போன்.

நீட்ட வேண்டியது வலது கால். அதில்தான் அந்த நகம். மஞ்சள், தடிப்பு, ஓரமெல்லாம் பொடியாக உதிர்கிறது. துறைமுகத்தில் பகலெல்லாம் சேஃப்டி ஷூ, வீட்டில் சாக்ஸ். கட்டினவளுக்கே இரண்டு வருடமாகக் காட்டியதில்லை. கேட்டால் குதிகால் வெடிப்பு என்பேன்.

மார்ச் 10, செவ்வாய்
யூனியன் வேலை என்று சொல்லித் திருநெல்வேலி. உள்ளூரில் தோல் டாக்டரிடம் போனால் தெரிந்தவர் யாராவது உட்கார்ந்திருப்பார். டாக்டரம்மா சின்ன வயது. காலைக் கையில் பிடித்துப் பார்த்தார். கூசிப்போனேன். ஃபங்கஸ்தானாம். லேசர்: சுள்சுள்ளென்று சூடு, அவ்வளவுதான். பெரிய வியாழனுக்குள் சரியாகுமா என்றேன்.

"லேசர் அடிச்சதும் நகம் மாறாது சார். புது நகம் வளந்து வரணும். பெருவிரலுக்கு ஒரு வருஷம் ஆகும்."

பூச மருந்து, நெயில்பாலிஷ் குப்பி மாதிரி. வாரம் இருமுறை. முன்னால் அரத்தால் ராவ வேண்டும். அந்த அரம் நல்ல நகத்தில் படக்கூடாது. ஷூ தினமும் வெயிலில். மாதம் ஒரு லேசர்.

மார்ச் 21, சனி
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூச்சு. ஒரு மாற்றமும் இல்லை. மெர்சி வியாழனுக்கென்று புது வேட்டி வாங்கி வந்திருக்கிறாள்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு
சாமியாரிடம் முட்டுவலி என்று சொல்லிவிட்டேன். கோயிலுக்குள் நின்றே பொய். என் இடத்தில் மெர்சியின் தம்பி சூசை. மெர்சியிடம், சாமியாரே ஆளை மாற்றிவிட்டார் என்றேன். மாலையில் அவர் எதிரே வர, தோத்திரம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்
சூசை சங்கு குளிக்கிறவன். அவன் நகங்கள் என்னுடையதைவிட மோசம். சாவகாசமாக நீட்டினான். சாமியார் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். கடைசி பெஞ்சில் ஷூவோடு நான். வெட்கமாக இருந்தது. சாமியார் அதோடு விட்டாரா? முட்டுவலியால் இடத்தை விட்டுக்கொடுத்த சகோதரருக்காக மன்றாட்டு, பெயர் சொல்லி. பெண்கள் பக்கமிருந்து மெர்சி திரும்பிப் பார்த்தாள்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி
காலை சிலுவைப்பாதை. பதினாலு ஸ்தலம், ஒவ்வொன்றிலும் முழங்கால் போட வேண்டும். வெயில். ஆளாளுக்கு முட்டுவலியை விசாரிக்க, நொண்டியே ஆக வேண்டியதாயிற்று. மூன்றாம் ஸ்தலத்தில் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். "இங்கன இருங்க அண்ணாச்சி. நீங்க முழங்கால் போட வேண்டாம்." அடுத்தடுத்த ஸ்தலங்களுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

பதினோராம் ஸ்தலத்தில் மெர்சி காதருகே குனிந்தாள்.

"சாக்ஸு தொவைக்குதது நான்தான. நகம் எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். முட்டுவலிதான் தெரியாது."

பன்னிரண்டாம் ஸ்தலம், இயேசு சிலுவையில் உயிர்விடுவது. எல்லோரும் முழங்காலில். அவளும். நான் நாற்காலியில்.