ராஜாங்கத்தின் இடது கால்

ஜூன் 4, திங்கள்

காலையிலேயே வெக்கை. மில் மைதானம் காய்ந்து கட்டாந்தரை. பந்துக்கு பிளாடர் கேட்டு ஸ்டோருக்குப் போனால் அங்கிருப்பவன், "அதான் போன வருசம் கிரிக்கெட்டுல கப்பு வாங்கியாச்சுல்ல, இன்னும் எதுக்குண்ணே ஃபுட்பாலு?" என்கிறான். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.

லீக் அரையிறுதி சனிக்கிழமை. இந்த வார ஓட்டம்:
– பகல் ஷிப்ட் ஆட்கள்: 15 சுற்று
– மூணாம் ஷிப்ட் ஆட்கள்: 12 (ராத்திரி முழுக்க நின்றவர்கள், போகட்டும்)
– கோல்கீப்பர்: 6, அப்புறம் நாற்பது டைவ்
– கேப்டன் சேவியர்: 15. தொந்தி போட்டுவிட்டான். 20 ஆக்க வேண்டும்.

மூணாம் ஷிப்டுக்காரர்களை ஒரு மணி நேரம் முன்னதாகவே மெஷினிலிருந்து விட்டுவிடுவார்கள், பயிற்சிக்காக. பயிற்சிக்கு வராதவன் அந்த ஒரு மணி நேரமும் மெஷினுக்கே திரும்ப வேண்டும். பயிற்சி முடிந்து மில் தரும் பாலும் முட்டையும் கிடையாது. இந்தச் சட்டம் நான் போட்டது. டைம் ஆபீஸில் குமாஸ்தா, மைதானத்தில் மேனேஜர், கோச், எல்லாம் நானே.

திங்கள் என்றால் புகார்ச் சீட்டு வாசிப்பு. திருவிழா மைக்செட்காரன் குரலில் படிப்பேன், பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இன்று மூன்று சீட்டு. முட்டை சின்னது. பூட்ஸ் கடிக்கிறது. மூன்றாவது ராஜாங்கம், நம் லெஃப்ட் அவுட், இடது ஓரத்தில் ஓடுகிறவன்: "அண்ணே, இடது முழங்காலுக்குக் கீழ எலும்புல வலி. ஊனினா சுள்ளுனு இருக்கு. நாலு நாள் ஓடாம இருந்தா தேவலை."

"புதுப்பொண்ணுக்குக் கால் நோகுதாம், பல்லக்கு கொண்டாங்கப்பா!" என்றேன். ஒரே சிரிப்பு. ராஜாங்கமும் சிரித்தான். பன்னிரண்டு சுற்றும் ஓடினான்.

வாசிப்பு ஆரம்பித்த பிறகு புகார் பாதியாகக் குறைந்திருக்கிறது. நல்லது.

ஜூன் 6, புதன்

வீட்டில் கமலாவுக்குப் பல்வலி. கிராம்புத் தைலம் வாங்க மறந்தேன். ஏச்சு.

ஓட்டம் முடிந்ததும் ரா. தனியாக உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டிருந்தான். எண்ணெய் வாடை. மேலூர்ப் பக்கம் யாரிடமோ நீவிக்கொண்டு வந்தானாம். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே." எழுந்து நின்று காட்டினான். சேவியர், "புதுப்பொண்ணு, பால் குடிக்க வாரியா?" என்று கூப்பிட்டான். நானும் சிரித்தேன்.

ரா. பதிலி ஆள், நிரந்தரக்காரன் வராத நாளில் மெஷினில் நிற்பவன். ஃபைனலுக்குப் போனால் ரெண்டு பதிலிகளை நிரந்தரம் ஆக்குவதாக ஸ்பின்னிங் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். ஒன்று ராஜாங்கம்தான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

ஜூன் 9, சனி

ஜெயித்தோம். 2–1. எழுதவே பிடிக்கவில்லை.

இரண்டாம் பாதி. பந்து அவனிடம்கூட இல்லை. பக்கத்தில் எதிராளி யாருமில்லை. ஓரக்கோட்டில் சும்மா ஓடிக்கொண்டிருந்தான். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம், நான் நின்ற இடம்வரை கேட்டது. விழுந்தான். மூட்டே இல்லாத இடத்தில் கால் மடங்கியிருந்தது. கத்தக்கூட இல்லை, என்னைப் பார்த்தான்.

ஜீப்பில் பெரியாஸ்பத்திரி. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்புல ஏற்கெனவே கீறல் விட்டிருக்கு. இதோட எத்தனை நாளா ஓடுனான்?" என்றார். சேவியர் தரையைப் பார்த்தான். கூட வந்த எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும்.

மைதானத்துக்குப் போடும் சட்டையின் பையில், திங்களன்று வாசித்த அந்தச் சீட்டு இன்னும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

"என்னத்த எரிக்கிறீக?" கமலா.

"பழைய பேப்பர்."

ஜூன் 11, திங்கள்

லேசாகத் தூறல். பயிற்சி இல்லை. யாரும் சீட்டும் கொண்டுவரவில்லை.

லேபர் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். விவரம் இதுதான். வலி இருப்பது தெரிந்தும் மில் அவனை விளையாட வைத்திருந்தால், பொறுப்பு மில்லுடையது. கால் தேறும்வரை அவன் இடம் இருக்கும், பிறகு உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவார்கள். அவனே வலியை மறைத்து விளையாடியிருந்தால் பதிலிப் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள்.

ஒரு தாளை நீட்டினார். "வலி இருப்பதாக எனக்குத் தெரிவிக்கப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான கையெழுத்தில். கை நடுங்கியிருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என்ன மனிதன் நான்.

ஜூன் 13, புதன்

பிரெட், நாலு சாத்துக்குடி. ஆஸ்பத்திரி.

ரா. தொடைவரை மாவுக்கட்டு. அவன் மனைவி லட்சுமி எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். ஆனையூரிலிருந்து தினமும் ரெண்டு பஸ் மாறி வருகிறாளாம். கொஞ்ச நேரம் பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேச்சு. பிறகு,

"அண்ணே, கால்வலின்னு உங்களுக்கு எழுதிக் குடுத்தேன்னு சொன்னாரு. சீட்டு உங்க கைக்கு வரலையாண்ணே?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எங்கேயோ தவறிப்போயிருக்கும் என்று நினைத்துக் கேட்டாள். குத்தலாகக் கேட்டிருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

"வரலையேம்மா."

ராஜாங்கம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்னைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். எனக்காக அவன் வெட்கப்பட்டான்.

சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு நடந்தேன். காளவாசல் வரும்வரை பஸ் ஏறத் தோன்றவில்லை.

ஜூன் 14, வியாழன்

தட்டை நகர்த்தி வைத்தேன். கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பில் போட்ட சீட்டையும். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். முடித்துவிட்டு,

"நாளைக்கே போயிச் சொல்லிருங்க. நீங்க சொல்லி அவரு காலு ஒட்டப் போறதில்ல. சோறாவது மிஞ்சட்டும்."

"என் வேலைக்கு வந்தா?"

"வந்தா வரட்டும். இந்த மூஞ்சியோட எம்புட்டு நாளைக்கு என் எதிர்க்க உக்காந்து சாப்பிடுவீக?"

ஜூன் 15, வெள்ளி

டைம் ஆபீஸ் வாசலிலேயே சேவியர் மறித்தான். எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ.

"அண்ணே, ஆபீசர்கிட்டயா போறீக? வேணாம். நீங்க மாட்டுனா டீமையே கலைச்சிருவேன்னு மாஸ்டரு சொல்லிட்டாரு. டீம்ல பதிலி ஏழு பேருண்ணே. டீம் இல்லேன்னா அம்புட்டுப் பேரும் வெளிய."

"ராஜாங்கம்?"

"அவன்தான் முதல்ல எழுதிக் குடுத்தான். வலிய நானே மறச்சேன்னு. நாங்களும் கையெழுத்துப் போட்டுட்டோம், அப்படி ஒரு சீட்டு யாரும் படிச்சு நாங்க கேக்கலைன்னு."

"எல்லாரும் சிரிச்சீங்களேடா."

"அதாண்ணே," என்றான் சேவியர்.

அவனை விலக்கிவிட்டு உள்ளே போனேன். ஆபீசரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்: சீட்டு வந்தது, கேலி செய்து படித்தேன், ஓடவைத்தேன், பிறகு எரித்தேன். எழுதியும் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினோரு பேர் ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு அந்த ஆளையே கேட்டுருவோம், நீங்களும் வாங்க."

ஜூன் 16, சனி

ஆபீசரோடு ஜீப்பில் ஆஸ்பத்திரி. லட்சுமியை வெளியே நிற்கச் சொன்னார்.

ராஜாங்கத்திடம், நேற்று நான் எழுதிக் கொடுத்த தாளைப் படித்துக் காட்டினார். நான் குறுக்கே விழுந்தேன்: "உள்ளதைச் சொல்லுடா. நான் செஞ்ச தப்பு. டீம் போனாப் போகுது."

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. ஆபீசரைப் பார்த்தே சொன்னான்.

"அண்ணனுக்கு மனசு கேக்கலை சார். எனக்கு வேலை போயிருமேன்னு அவரு மேல பழியப் போட்டுக்கிறாரு. நான் சீட்டே எழுதலை."

"பொய் சொல்றான் சார்!"

"சீட்டு இருந்தா காட்டச் சொல்லுங்க சார்."

என்னிடம் ஏது சீட்டு. ஆபீசர் அவனிடம் கையெழுத்து வாங்கினார். பெயரை அடித்துவிடுவோம் என்பதையும் அவனிடமே சொன்னார். "சரிங்க சார்" என்றான். கிளம்பும்போது அவன் கையைப் பிடித்தேன். மெதுவாக உருவிக்கொண்டு, "ஃபைனலுக்கு அந்தப் பக்கம் யார விடப்போறீக?" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

வாசலில் நின்ற லட்சுமி கும்பிட்டாள். வேலை போனதை அவளிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மில்லுக்குத் திரும்பியதும் ஆபீசர் என் இரண்டாவது தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். "ஒரு பதிலிக்காக இந்த அளவுக்கு யார் சார் இறங்குவா? பெரிய மனசு உங்களுக்கு" என்று தோளில் தட்டினார். மறுத்துப் பேச வாய் திறந்தேன். நெஞ்சுக்குள் அப்பாடா என்று ஒன்று இறங்கியது, அது எனக்கே நன்றாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

காபி வரவழைத்தார். குடித்தேன். நன்றாக இருந்தது.