இத்தாலிக் கதையும் என் பாதி வாக்குமூலமும்

பாசமுள்ள பாலா மச்சானுக்கு,

நீ போய் பத்து மாதம் ஆகிறது. உன் தங்கை சரோஜா உன் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறாள். நான் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கட்டிலில் கிடந்த உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அதை இப்படி எழுதி ஊரறியச் சொல்லிவிட்டால்தான் எனக்கு உட்கார முடியும் போலிருக்கிறது. இல்லாவிட்டால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறேன், வேனைக் கழுவினதையே மறுபடி கழுவுகிறேன்.

முப்பது வருஷம் ஈப்போ நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்றவன் நீ. தோட்டத்துச் சனங்கள் கூண்டில் ஏறித் தமிழில் சொன்னதையெல்லாம் மலாயில் மாற்றிச் சொன்ன வாய் உன்னுடையது. ஓய்வு பெற்றதும் எங்கிருந்தோ இந்த இத்தாலிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பழைய புத்தகக் கடையில் ஆங்கிலத்தில் வந்த இத்தாலியத் துப்பறியும் நாவல்களாகப் பொறுக்கி வருவாய். எனக்கோ பள்ளிக்கூட வேன் ஓட்டத்தான் தெரியும், இங்கிலீஷ் ஓடாது. அதனால் சனிக்கிழமை காலையில் மாமாக் கடையில் தே தாரேக் டீ ஆறுவது தெரியாமல் நீயே தமிழில் சொல்வாய்.

அந்த நாட்டில் துப்பறியும் கதைக்கு 'மஞ்சள்' என்றே பெயராம். அந்தக் காலத்தில் அட்டை மஞ்சளாக இருந்ததாம். நம்மிடம் மஞ்சள் பத்திரிகை என்றால் அர்த்தம் வேறு என்று நான் சிரித்தேன். ஆனால் கதைகள் எனக்கு எரிச்சலைத்தான் தந்தன. பாதிப் புத்தகத்திலேயே இன்ஸ்பெக்டருக்குக் கொன்றவன் யாரென்று தெரிந்துவிடுகிறது. மீதிப் பக்கமெல்லாம் தலைநகரத்திலிருந்து யாரோ போன் செய்கிறார்கள், கோப்பு காணாமல் போகிறது, பாதிரியாரும் டாக்டரும் நிலக்காரரும் ஒரே மேசையில் மீன் சாப்பிடுகிறார்கள். ஆளைப் பிடித்தார்களா இல்லையா, அதைச் சொல் என்று ஒருநாள் கோபப்பட்டேன்.

நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னாய்: "கொன்னவன் ஒருத்தன்தான்லா மச்சான். மூடி மறைக்கத்தான் ஒரு ஊரே வேணும். அவனுங்க அந்த ஊரைப் பத்தித்தான் எழுதுறானுங்க."

இப்போது மாரிமுத்து அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கும் அவரைத் தெரியும். செமோர் தாண்டி நம் பழைய தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனையாக மாறின பிறகும் தொழிலாளர் லயத்து வீட்டை விடாமல், பக்கத்துத் தொழிற்சாலையில் காவல் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்.

அன்று மதியம் காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனை மர நிழலில் நிறுத்தியிருந்தேன். செம்மண் பாதையிலிருந்து மணல் லோரி ஒன்று நிற்காமல் முச்சந்தியில் ஏறியது. அண்ணனின் மோட்டார் சைக்கிளைத் தூக்கி வீசியது. லோரி நின்றது. ஓட்டியவர் தலையை வெளியே நீட்டிக் கீழே பார்த்தார். பிறகு போய்விட்டார். லோரியின் சொந்தக்காரரே அன்று ஓட்டினார் மச்சான். நம் கோயில் தலைவர். வழக்கு நடப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணனுக்கு மூச்சில்லை. லயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். யார் இடித்தது என்று ஒருவர் கேட்டார். இப்போதுதான் வந்தேன் என்றேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா?

பள்ளிக்கூட வேன் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் தலைவர். பாதி ஊருக்கு அவர் ஏதாவது செய்திருக்கிறார். மறுநாள் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களிலும் அவர்தான் முதல் ஆள். நானும் பின்னால் நடந்தேன்.

அந்த வாரம் நீ சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் கிடந்தாய். செய்தி உன் காதுக்கும் வந்திருந்தது. "அந்த நேரத்துல நீ அந்த ரோட்டுலதானே இருப்ப. பாத்தியா?" என்று கேட்டாய்.

"இல்ல மச்சான். நான் வரும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு."

எத்தனை ஆயிரம் சாட்சிகளைக் கேட்ட காது உன்னுடையது. நான் பொய் சொல்கிறேன் என்று அந்த நிமிஷமே உனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை மூடித் தண்ணீர் கேட்டாய். பிறகு தலையணைப் பக்கம் இருந்த புத்தகத்தைக் காட்டி அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாய். சிசிலித் தீவில் ஒரு திராட்சைத் தோட்டக் காவலாளி செத்துக் கிடக்கிறான். நிலக்காரர் சுட்டதை ஒரு தையல்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுகிறாள். அங்கே உனக்கு இருமல் வந்தது. மீதியை அப்புறம் சொல்வதாகச் சொன்னாய். நான்காம் நாள் நீ இல்லை. என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

அந்தப் புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் நேரத்தில், கைப்பேசியில் ஒவ்வொரு சொல்லாக அர்த்தம் தேடி இரண்டு மாதம் படித்தேன். தையல்காரி கடைசி வரை வாய் திறக்கவில்லை. நிலக்காரரின் மகளுக்கு அவள்தான் கல்யாணக் கவுன் தைக்கிறாள். இன்ஸ்பெக்டரை வடக்கே பனிமூட்டம் பிடித்த நகரத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். திருவிழா ஊர்வலத்தில் நிலக்காரர் முன்னால் நடக்கிறார். அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது. இதைப் போய் எனக்கு எதற்குச் சொன்னாய் என்று உன் மேலேயே ஆத்திரம் வந்தது. வேனை அப்படியே போலீஸ் பாலாய்க்கு விட்டேன்.

போலீசில் லோரி எண்ணைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன். ஓட்டியது யார் என்று கேட்டார்கள். முகம் சரியாகத் தெரியவில்லை என்றேன். அப்போதும் பாதிதான் சொன்னேன். ஆனாலும் வெளியே வரும்போது உடம்பு லேசாக இருந்தது.

மூன்றாம் நாள் குணாவைப் பிடித்தார்கள். தலைவரிடம் லோரி ஓட்டும் குணாளன். நான்தான் இடித்தேன் என்று அவனே ஒப்புக்கொண்டானாம். குடும்பத்தைத் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று பேச்சு. மறுநாள் காலையில் அவனுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் வழக்கம்போல என் வேனில் ஏறினார்கள். சின்னவள் என் பின் சீட்டில் உட்கார்ந்து, "அங்கிள், அப்பா கேஎல்லுக்கு வேலைக்குப் போயிருக்காரு" என்றாள். கோலாலம்பூருக்கா, சரிம்மா என்றேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ஓட்டினேன்.

அன்று சாயங்காலம் சரோஜாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் அவளும் பயந்தாள். வேன் போனால் என்ன செய்வது என்றாள். பிறகு, "அண்ணங்கிட்ட இதைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"கேட்டான். பாக்கலன்னு சொல்லிட்டேன்."

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

மறுபடி பாலாய்க்குப் போனேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அதிகாரி கடுமையாகக் கேட்டார். "தாக்குத், துவான்" என்றேன். பயம், ஐயா. மலாயில் வேறு சொல் எனக்கு வரவில்லை. அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். இந்த முறை பெயரைச் சொன்னேன்.

அதன் பிறகு நடந்தது நீ ஊகிக்கக்கூடியதுதான். பத்தொன்பது பிள்ளைகள் இருந்த வேனில் இப்போது ஏழு. கோயிலில் எனக்குத் திருநீறு கொடுக்கிற கை கொஞ்சம் தாமதிக்கிறது. இதையெல்லாம் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது மாரிமுத்து அண்ணன் மனைவி அஞ்சலை அக்கா சொன்னதுதான். வீட்டு வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை.

"நீ பாத்தேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. உன் வேன் அங்கதானே நின்னுச்சு. யாரு ஓட்டுனாங்கன்னும் தெரியும்."

ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"லயத்தை உடைக்கப் போறாங்க லா. புது வீட்டுப் பட்டியல் அவரு கையில இருக்கு. எம்பேரு அதுல இருக்கணும்."

புருஷனைப் பறிகொடுத்தவளே வாயை மூட வேண்டியிருக்கிற இடத்தில் நான் யாரைக் குற்றம் சொல்வது, மச்சான்? உன் இத்தாலிக்காரர்கள் இதற்கு ஏதாவது பதில் எழுதியிருக்கிறார்களா? நீ வாங்கி வைத்ததில் இன்னும் நான்கு புத்தகம்தான் படித்திருக்கிறேன். இதுவரை இல்லை.

போன மாதம் ஜாமீனில் இருந்த குணா வந்தான். வேனுக்குள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். "நீங்க மொதல்ல நின்னுட்டீங்கண்ணே. இனிமே நானும் நிக்கிறேன்" என்றான். மறுநாளே வக்கீலோடு போய் வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்தான். வழக்கு இப்போது தலைவர் மேல் திரும்பியிருக்கிறது. ஆனாலும் அவர்தான் இன்னும் தலைவர். போன வெள்ளிக்கிழமை கோயிலில் அவருக்கு மாலை விழுந்தது.

விசாரணை அடுத்த மாதம். கேஸ் நிற்குமா, வீட்டுப் பட்டியலில் அக்கா பெயர் இருக்குமா, எனக்குத் தெரியாது. சரோஜா முதல் பெஞ்சில் உட்காரப் போகிறாளாம். நான் தடுமாறினால் தன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள்.

கூண்டில் நிற்க எனக்குப் பயம்தான் மச்சான். உனக்குத்தான் என்னைத் தெரியுமே. ஆனால் யார் ஓட்டியது என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன்னிடம் ஒருமுறை பொய் சொன்ன மச்சான்,
சேகர்