மகள் வழி உரிமை

அன்புள்ள மகள் ஜானெட்டுக்கு, அப்பா சொல்லச் சொல்ல நம் போதகர் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் ஆடுகளும் சுகம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்து மண்ணில் நீயும் மாப்பிள்ளையும் புதிதாய்ப் பிறந்த பேரனும் அப்படியே இருக்க வேண்டும். சேதி கேட்டதும் அம்மா அழுதுகொண்டே ஓட்ஸ் ரொட்டி சுட்டு அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தாள். உன் கடிதத்தைப் போதகர் இரண்டு முறை வாசித்தார். உன் மாமனார் கத்பர்ட் கருவாலி மரத்தில் தொட்டில் செய்தார், அவரே ஆட்டுகிறார், பிள்ளைக்கு அவர் மூக்கு, அவர் பெயர் என்று பக்கம் முழுக்க அவர்தான். எனக்கு, இருமல் தேவலையா என்று ஒரு வரி.

போன சமாதான நாளில், இரு நாட்டு எல்லை அதிகாரிகளும் கூடிய இடத்தில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உங்கள் சிம்மாசனமும் எங்கள் ஸ்காட்லாந்து ராணிக்குத்தான் சேர வேண்டும் என்றேன். அவள் பாட்டி உங்கள் ராஜாவின் மகள், எங்கள் ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டு எல்லையிலிருக்கும் லாம்பர்ட்டன் வழியாக வந்ததை என் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவன் நான், அந்தக் கூட்டத்தில்தான் என் ஒரு செருப்பு தொலைந்தது. உன் மாமனார் சிரித்தார். “பாட்டி வழியில சிம்மாசனமா சம்பந்தி? அப்போ உங்க ஆளுங்க ராத்திரியில ஓட்டிட்டுப் போன என் பாட்டியோட மாடுங்களைத் திருப்பிக் குடுங்க, பாதி உங்க கொட்டகையிலதான் நிக்குது.” அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். “கட்டிக் குடுத்த பொண்ணோட பிள்ளைக்கு அப்பன் வீட்டுல பங்கு கெடையாது, அப்பன் வீட்டுக்கும் அந்தப் பிள்ளைமேல பங்கு கெடையாது” என்றார். ராணியைத்தான் சொன்னார், ஆனால் நீ வயிற்றுப் பிள்ளையோடு பக்கத்தில் நின்றாய். எங்கள் ராணி உங்கள் சிம்மாசனத்தில் உட்காரும் வரை உங்கள் மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று நான் சொன்னது அதனால்தான். அதற்குள் பேரனுக்குத் தாடி முளைத்துவிடும் என்கிறாள் உன் அம்மா.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த துணி வியாபாரி இன்னொன்றும் சொன்னான். ஞானஸ்நானத்தின்போது உன் மாமனார் பிள்ளையின் வலது கையைத் துணியில் சுற்றி, ஆசீர்வாதம் படாமல் வைக்கப்போகிறாராமே. எல்லைப் பிள்ளைகளுக்கு எல்லாரும் செய்வதுதான், அப்படி வைத்த கைதான் எதிரியைக் கூசாமல் வெட்டும் என்று உன் அண்ணனுக்கு நானும் செய்தேன். ஆனால் மகளே, அந்தக் கரையில் எதிரி யார்? நாங்கள்தானே. தொட்டில் அவருடையது, மூக்கும் பெயரும் அவருடையது, எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறேன். அந்த வலது கையை மட்டும் விடமாட்டேன். துணியை அவிழ்த்துத் தண்ணீர் தெளிக்கச் சொல்.

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் காக்கட்டும், பச்சை உடம்பு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. ஞானஸ்நானம் முடிந்த கையோடு பிள்ளையை ஆற்றங்கரைக்குத் தூக்கி வா, நான் இந்தக் கரையில் நிற்பேன். கம்பளியை விலக்கி அந்தக் கையைக் காட்டு, நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவரும் வந்தால் வரட்டும், ஆனால் பிள்ளையை நீதான் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் கீறல் போட்டு,
உன் அப்பா ஆடம் டர்ன்புல்